திஜூக்கா காடு

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்துக்குள்ளேயே, சுமார் 39 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் மழைக்காடு திஜூக்கா. கொர்கொவாடோ மலையில் 1931இல் திறக்கப்பட்ட மீட்பர் கிறிஸ்து சிலையும் திஜூக்கா தேசியப் பூங்காவின் எல்லைக்குள்தான் நிற்கிறது. சிலையோடு படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிற பலர், சுற்றியிருக்கும் காட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய காடு அது. ஏனென்றால், அதில் பெரும்பகுதி மனிதர் அழித்து, மனிதரே மீட்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவுகளை மழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். மரம் போனதும் ஓடைகள் வற்றின. மலையிலிருந்து வரும் தண்ணீரை நம்பியிருந்த நகரம் தவித்தது. பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் அரசு தோட்ட நிலங்களைக் கையகப்படுத்தி, 1861இல் காடு வளர்க்கும் பொறுப்பை மேஜர் மனுவேல் கோமிஸ் ஆர்ச்சரிடம் கொடுத்தது. அவர் காலத்தில் பல்லாயிரம் கன்றுகள் நடப்பட்டன. வரலாறு ஆர்ச்சரைக் கொண்டாடுகிறது. ஆனால் குழி தோண்டிக் கன்று நட்டவர்கள் எலியுதேரியோ, கான்ஸ்டான்டினோ, மாத்தியுஸ், லியோபோல்டோ, மரியா போன்ற அடிமைகள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிய 1888 ஆனது. எல்லாமே நட்டதல்ல; கைவிடப்பட்ட தோட்டங்களில் தானாக முளைத்தெழுந்ததும் உண்டு.

காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆல்டோ டா போவா விஸ்டா பகுதி வழியாக நுழைகிறார்கள். வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே டவுனே அருவி. உள்ளே நடைபாதைகள் பல உண்டு. 1,021 மீட்டர் உயரமுள்ள திஜூக்கா சிகரத்தில் கடைசி ஏற்றம் பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி. மழைக்காலத்தில் வழுக்கும். கையில் தின்பண்டம் இருந்தால் நீள மூக்கும் வளையங்கள் போட்ட வாலும் கொண்ட குவாட்டிகள் கூட்டமாக வந்துவிடும். அவற்றுக்குத் தீனி போடக்கூடாது.

மரம் திரும்பினாலும் விலங்குகள் எல்லாம் திரும்பவில்லை. விதையைப் புதைத்துவைத்து மறந்துவிடும் அகூட்டி என்ற கொறிவிலங்கை 2010 முதலும், ஊளைக்குரங்கை 2015 முதலும் ஆய்வாளர்கள் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். குரங்கின் எச்சத்தைச் சாண வண்டுகள் உருட்டிப் புதைக்க, அதிலிருக்கும் விதைகளும் மண்ணுக்குள் போகின்றன.

வேண்டாத விருந்தாளியும் உண்டு: நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பலா. போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலேறிய அது இங்கே காடாய் மண்டிவிட்டது. பழத்தை விலங்குகள் விரும்பித் தின்கின்றன. தாய்மரத்தடியில் நெருக்கமாக எழும் கன்றுகளோ உள்ளூர் மரங்களுக்கு இடம் விடுவதில்லை. அதனால் பூங்காவில் பலாக்கன்றுகளைப் பிடுங்குகிறார்கள். பெரிய மரங்களைப் பட்டையை வளையமாக உரித்துப் பட்டுப்போக விடுகிறார்கள்.