செயற்கை ரப்பர்ப் பூசலும் ஜப்பான் – ஆசியான் உறவும்

முன்னுரை

ஒரு நாடு பல நாடுகளின் கூட்டமைப்போடு கொள்ளும் உறவு, இரு நாடுகளுக்கிடையே அமையும் உறவினின்றும் வேறுபட்டது. தனித்து நிற்கையில் வலிமை குன்றித் தோன்றும் நாடுகள், ஒன்றுகூடிப் பேசுகையில் வேறொரு தகுதியைப் பெறுகின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியானுடன் ஜப்பான் வளர்த்துக்கொண்ட உறவு இதற்குத் தக்க சான்றாகும். இவ்வுறவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2023 டிசம்பரில் டோக்கியோவில் உச்சி மாநாடு நடைபெற்றது. அந்த ஐம்பது ஆண்டுக் கணக்கு நட்பு உடன்படிக்கை எதிலிருந்தும் தொடங்கவில்லை. 1973இல் எழுந்த ரப்பர்ப் பூசலிலிருந்தே தொடங்குகிறது. அப்பூசல் ஒத்துழைப்புக்கு வித்திட்டது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரின் நினைவும் இழப்பீடும்

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவின் பெரும்பகுதி ஜப்பானியப் படையின் ஆட்சிக்கு உட்பட்டது. சயாம் – பர்மா இரயில் பாதைப் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் திரும்பவில்லை. இத்தகைய நினைவுகள் அந்நிலப்பகுதி முழுவதும் நிறைந்திருந்தன.

1951ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பர்மா (1954), பிலிப்பைன்ஸ் (1956), இந்தோனேசியா (1958) ஆகியவற்றோடு ஜப்பான் போர் இழப்பீட்டு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. இழப்பீடு பெரும்பாலும் ஜப்பானியப் பொருள்களாகவும் பணிகளாகவும் வழங்கப்பட்டது. ஆதலின், அது கடன் தீர்க்கும் வழியாக அமைந்ததோடு ஜப்பானியத் தொழில்களுக்குச் சந்தை திறக்கும் வழியாகவும் அமைந்தது. வணிகம் விரைந்து வளர்ந்தது. நம்பிக்கை அவ்வாறு வளரவில்லை.

கூட்டாக எழுந்த குரல்

1967 ஆகஸ்டு 8ஆம் நாள் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் பாங்காக்கில் ஆசியானைத் தோற்றுவித்தன. அக்காலத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியா உலகில் முதலிடம் வகித்தது. ஜப்பானில் செயற்கை ரப்பர் உற்பத்தி பெருகியமை இயற்கை ரப்பரின் விலையைத் தாக்கியது. இதனால் பாதிப்புற்றோர் அரசுகள் மட்டுமல்லர். சிறு நிலங்களில் ரப்பர் பயிரிட்ட குடியானவர்களும், தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழர்களும் ஆவர்.

1973இல் ஆசியான் நாடுகள் இதனை ஒருமித்து எதிர்த்தன. ரப்பர் பெரிதும் விளையாத நாடுகளும் இவ்வெதிர்ப்பில் இணைந்தமை கருதத்தக்கது. மலேசியாவின் குறை இதனால் கூட்டமைப்பின் குறையாயிற்று. அதன் விளைவாகச் செயற்கை ரப்பர் குறித்த ஆசியான் – ஜப்பான் பேச்சு மன்றம் அவ்வாண்டு நவம்பரில் அமைந்தது. ஆசியானை ஒரு தரப்பாக ஏற்றுப் பேச ஜப்பான் முன்வந்தமையே இதன் வரலாற்றுச் சிறப்பு எனலாம்.

எனினும், மக்களின் கசப்பு இதனால் தணியவில்லை. 1974 சனவரியில் ஜப்பானியத் தலைமை அமைச்சர் டனாகா தென்கிழக்காசியப் பயணம் மேற்கொண்டபோது பாங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சகார்த்தாவில் கலவரம் மூண்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. ஜப்பானிய ஊர்திகள் கொளுத்தப்பட்டன. அவர் அரசுத் தலைவர் மாளிகையிலிருந்து விமான நிலையத்திற்கு ஹெலிகாப்டரில் செல்ல நேர்ந்தது. இக்கலவரத்தில் உள்நாட்டு அரசியல் மோதல்களுக்கும் பங்குண்டு. ஆயினும், வணிகப் பெருக்கம் மட்டுமே நட்பாகிவிடாது என்பதை ஜப்பான் இதனால் உணர்ந்தது.

ஃபுகுடா கொள்கை

ஆசியான் தன் முதல் உச்சி மாநாட்டை 1976 பிப்ரவரியில் பாலியில் நடத்தியது. 1977 ஆகஸ்டில் கோலாலம்பூரில் இரண்டாம் மாநாடு கூடியபோது, தலைமை அமைச்சர் ஃபுகுடா அங்குச் சென்று ஆசியான் தலைவர்களைச் சந்தித்தார். அம்மாதம் 18ஆம் நாள் மணிலாவில் ஆற்றிய உரையில் அவர் மூன்று நெறிகளை அறிவித்தார். ஜப்பான் படை வல்லரசாகாது என்பது முதலாவது. உள்ளத்தோடு உள்ளம் ஒன்றும் நம்பிக்கை உறவை வளர்க்கும் என்பது இரண்டாவது. ஆசியானுக்குச் சம பங்காளியாக நின்று, இந்தோசீன நாடுகளோடும் நல்லிணக்கம் பேணும் என்பது மூன்றாவது. ஆசியான் தொழில் திட்டங்களுக்கென 100 கோடி டாலர் உதவியும் உறுதியளிக்கப்பட்டது.

இவற்றின் நிறைவேற்றம் சீராக அமையவில்லை. ஐந்து தொழில் திட்டங்களுள் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அமைந்த யூரியா உரத் தொழிற்சாலைகளே திட்டமிட்டவாறு உருப்பெற்றன. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவினுள் படை செலுத்தியதும் மூன்றாம் நெறியின் இந்தோசீனப் பகுதி முடங்கியது. வியட்நாமுக்கான உதவியை ஜப்பான் நிறுத்தி வைத்தது. கூட்டமைப்பின் நிலைப்பாட்டை மீறி அயல்நாடு தனிவழி செல்ல இயலாது என்பது இதனால் புலனாகிறது.

பிற்கால வளர்ச்சி

1985இன் பிளாசா உடன்பாட்டுக்குப் பின்னர் யென் மதிப்பு உயர, ஜப்பானிய நிறுவனங்கள் தம் உற்பத்தியை ஆசியான் நாடுகளுக்குப் பெருமளவில் நகர்த்தின. 1997இன் நிதி நெருக்கடியின்போது ஜப்பான் முன்மொழிந்த ஆசிய நிதியம் நிறைவேறவில்லை. ஆயினும் 1998இல் 3,000 கோடி டாலர் மதிப்பிலான மியசாவா உதவித் திட்டமும், 2000இல் சியாங்மாய் முன்முயற்சியும் உருவாயின. 2004இல் ஆசியானின் நட்புறவு – ஒத்துழைப்பு உடன்படிக்கையில் ஜப்பான் இணைந்தது. 2008இல் பொருளாதாரப் பங்காண்மை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

2023இல் ஜப்பான் படைத்துறை சார்ந்த புதிய உதவித் திட்டத்தைத் தொடங்கிப் பிலிப்பைன்சுக்குக் கடலோரக் கண்காணிப்பு ராடார் வழங்க உடன்பட்டது. படை வல்லரசாகோம் என்ற 1977இன் உறுதிமொழியோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தேவையாகிறது. போரின் நினைவால் ஒருகாலத்தில் ஜப்பானை அஞ்சிய நாடுகளுள் ஒன்றே இன்று அதன் பாதுகாப்பு உதவியை நாடுகிறது. அச்சத்தின் இலக்கு மாறியுள்ளது. அதனால் பழைய உறுதிமொழி தேவையற்றதாகிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

ஜப்பான் – ஆசியான் ஒத்துழைப்பு ஜப்பானின் நல்லெண்ணத்தால் மட்டும் விளைந்ததன்று. ஐந்து நாடுகளும் கூட்டாக முறையிட்டமையும், மக்களின் சினம் தெருவில் வெளிப்பட்டமையும் அதனை அவ்வழியில் செலுத்தின. கேட்கும் தரப்பு ஒன்றுபட்டபோது கொடுக்கும் தரப்பு தன் மொழியை மாற்றிக்கொண்டது. புறநாட்டின் ஏற்பு, கூட்டமைப்பின் ஒற்றுமைக்கும் உரமூட்டியது. சமத்துவம் என்பது ஃபுகுடாவின் உரையில் சொல்லாகியது 1977இல். ரப்பர் விலைக்காக ஐவரும் ஒருங்கே நின்ற 1973இலேயே அது செயலாகத் தொடங்கிவிட்டது.