குதிரை எங்கே நிற்கிறது? – ஆப்பிரிக்கக் குதிரை நோயும் கணித மாதிரிகளின் வரலாறும்

பிரித்தானியாவின் தேசியக் குதிரைப் பதிவேட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் நேரே ஒரு முகவரி இருந்தது. அது உரிமையாளர் குடியிருக்கும் வீட்டின் முகவரி. குதிரையோ அந்த வீட்டிலிருந்து விலகி, வாடகைக்குப் பிடித்த மேய்ச்சல் நிலத்திலோ ஊருக்கு வெளியே ஒரு லாயத்திலோ நிற்கும். கடிதம் போடுவதற்கு அந்த முகவரி போதும். நோயைத் தடுக்கப் போதாது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை 2013இல் லோ இயாகோனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். உரிமையாளர் முகவரிகளோடு நிலப்பயன்பாட்டுத் தரவைச் சேர்த்து, குதிரைகள் உண்மையில் எங்கே இருக்கக்கூடும் என்று நிகழ்தகவு முறையில் ஊகித்து, ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவும் ஆபத்தை வரைபடமாக்கினார்கள். வீட்டு முகவரியையே குதிரையின் இடமாகக் கொண்டால் ஆபத்து கணிசமாகக் குறைந்து தெரிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த நோய் பிரித்தானியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. நுழையாத நோய்க்குப் போட்ட கணக்கு, கையிலிருந்த பதிவேட்டின் பிழையைக் காட்டிக்கொடுத்தது. பூச்சிகளால் பரவும் குதிரை வைரஸ்களுக்கான கணித மாதிரிகளின் வரலாறு முழுவதிலும் இதே இயல்பைக் காண்கிறேன். நமக்குத் தெரியாதவற்றுள் எவை உயிர்ச்சேதத்தில் கொண்டுவிடும் என்று நோய் வருமுன்பே பிரித்துக் காட்டுவதுதான் மாதிரியின் பணி. இன்ன தேதியில் இன்ன ஊரில் நோய் வரும் என்று சொல்லவில்லையே என்று அதைக் குறைகூறுவது, அது எதற்காகப் பிறந்தது என்பதை மறந்த பேச்சு.

நோயின் வரலாறு மாதிரிகளின் வரலாற்றைவிட மிகப் பழையது. 1327இல் யேமனில் குதிரைகளைக் கொன்ற ஒரு நோயைப் பற்றிய அரபுக் குறிப்பை இந்நோயின் முதற்பதிவாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 1719இல் ஏறக்குறைய 1,700 விலங்குகளும், 1854–55இல் ஏறக்குறைய 70,000 குதிரைகளும் மடிந்தன. நுரையீரலைத் தாக்கும் வடிவத்தில் குதிரைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நுரையீரலில் கசிந்த நீரிலேயே அது மூழ்கிச் சாகிறது, மூக்குத் துளைகளில் வெண்ணுரை வழியும். இவ்வடிவம் கண்டவற்றில் 100க்கு 95 வரை இறக்கும். இதயத்தைத் தாக்கும் வடிவம் சற்று மெதுவானது. கண்ணுக்கு மேலே வழக்கமாகக் குழிந்திருக்கும் பள்ளங்கள் வீங்கிப் புடைத்துவிடும். குடியேறிகள் பனியையும் இரவுக் காற்றையும் பழித்தார்கள். பொழுது சாயுமுன் குதிரைகளை அடைத்தார்கள், கோடையில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போனார்கள். சொன்ன காரணம் தவறு. செய்த காப்பு சரியானது. 1900இல் மக்ஃபேடியன், நுண்ணிய வடிகட்டியையும் ஊடுருவிச் செல்லும் கிருமியே இந்நோய்க்குக் காரணம் என்று காட்டினார். நேட்டாலில் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்ட், பூச்சி நுழையாத லாயத்தில் கட்டிய குதிரைகள் தப்புவதைக் கண்டார். எந்தப் பூச்சி என்பது தெளிவாக 1944 வரை ஆயிற்று. கியூலிகாய்டிஸ் என்னும், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் மட்டுமே உள்ள கடிபூச்சி அது என்று டு டோயிட் நிறுவினார். கொசுவலையின் கண்ணுக்குள்ளேயும் புகுந்துவிடும் அளவு அது சிறியது.

கணக்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், அதன்பின் பல ஆண்டுகள் ஒரு கேள்வியோடு மல்லாடினார். கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்று அவர் சொன்னபோது, எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க முடியாதே, சில மிஞ்சினாலும் நோய் இருக்கத்தானே செய்யும் என்று எதிர்த்தார்கள். ராஸ் சமன்பாடுகளால் விடை சொன்னார். ஒரு மனிதனுக்கு இத்தனை கொசு என்ற விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், கொசு இருந்தும் நோய் தானே அடங்கிவிடும். மலேரியாத் தடுப்பு பற்றிய அவருடைய நூலின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த வாதம் விரிவாக இருக்கிறது. 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை மேலும் கூர்மையாக்கினார். பூச்சியின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுள் முக்கியம் என்பது அவர் கண்டது. ஏன் என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். நோயுற்ற குதிரையைக் கடித்த 100 பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் 100க்கு 80 பிழைக்கும் என்று வைப்போம். வைரஸ் பூச்சியின் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டுவதற்கு 10 நாள் ஆனால், அந்த நாளில் ஏறக்குறைய 11 பூச்சிகள் உயிரோடிருக்கும். குளிரால் அதற்கே 20 நாள் ஆனால் மிஞ்சுவது ஒன்றுதான். காத்திருப்பு இரண்டு மடங்கானதும் ஆபத்து பத்தில் ஒரு பங்குக்கு அருகே சரிந்துவிடுகிறது. வெப்பநிலை சற்று ஏறினால் வடநாடுகள் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு குதிரைகளிடம் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1959 முதல் 1961 வரை இந்நோய் மேற்காசியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா வரை பரவி, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரையினங்களைக் கொன்றது. அன்று கையிலிருந்த ஆயுதம், எலியின் மூளையில் வைரஸை வளர்த்து வீரியம் குறைத்து அலெக்சாண்டர் உருவாக்கிய தடுப்பூசி மட்டுமே. நோய் எந்த வேகத்தில் போகும், யாருக்கு முதலில் ஊசி போடவேண்டும் என்று கேட்கக் கணித மொழி இல்லை. 1977இல் செல்லர்ஸ், பெட்ஜ்லி, டக்கர் மூவரும் பழைய வானிலைப் பதிவுகளைப் புரட்டி, 1960இல் துருக்கியிலிருந்து சைப்பிரசுக்கும் 1966இல் மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கும் காற்றே பூச்சிகளைச் சுமந்து சென்றிருக்கலாம் என்று காட்டினார்கள். இது முழுமையான பரவல் மாதிரி ஆகாது. ஆயினும் துறைமுகத்தில் குதிரையை நிறுத்திவைத்துச் சோதித்தால் போதும் என்ற நம்பிக்கையை அது அசைத்தது.

அந்த நம்பிக்கை 1987இல் வேறொரு வழியிலும் உடைந்தது. நமீபியாவிலிருந்து மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவுக்குக் கொண்டுவந்த வரிக்குதிரைகளோடு வைரஸ் ஸ்பெயினுக்குள் வந்தது. வரிக்குதிரை நோயைக் காட்டாது, ஆனால் அதன் குருதியில் வைரஸ் 40 நாள் வரை தங்கும். தெற்கே ஆண்டலூசியாவில் மிதமான குளிர்காலங்களைத் தாண்டி நோய் 1990 வரை நீடித்தது. போர்ச்சுகலுக்கும் மொராக்கோவுக்கும் போயிற்று. 1992ஆம் ஆண்டுப் பார்சிலோனா ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் நடக்குமா என்பதே கேள்வியானது. இந்த அனுபவத்திலிருந்துதான் 1996, 1997ஆம் ஆண்டுகளில் சிந்தியா லார்டும் உடன் ஆய்ந்தோரும் எழுதிய கட்டுரைகள் பிறந்தன. ராஸ், மெக்டொனால்ட் மரபை எடுத்து, குதிரையையும் கழுதையையும் தனித்தனி ஓம்புயிர்களாக அவர்கள் பிரித்தார்கள். பார்வைக்கு இது சிறிய மாற்றம்தான். ஆனால் குதிரை சாகிறது, கழுதை பெரும்பாலும் நோயே காட்டாமல் வைரஸைச் சுமக்கிறது. விலைமதிப்புள்ள குதிரைக்கு ஊசி போட்டுக் கழுதையை விட்டுவிடும் கொள்கை எங்கே சறுக்கக்கூடும் என்பதை இனி கணக்கில் வைத்துக் கேட்கலாம். ஏழையின் விலங்கைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் செல்வந்தனின் விலங்கையும் காக்க முடியாமல் போகலாம் என்பதை ஒரு சமன்பாட்டின் அமைப்பே உணர்த்துவது, என் பார்வையில், இந்தத் துறையின் மிக மதிப்புள்ள தருணங்களில் ஒன்று.

2006இல் நீலநாக்கு நோய் வட ஐரோப்பாவில் பரவியபோது, இனி யாரும் இதைத் தூரத்து ஆபத்து என்று சொல்ல முடியவில்லை. அதே பேரினத்துக் கடிபூச்சிகள்தாம் அந்த ஆட்டு நோயையும் கடத்துகின்றன. நெதர்லாந்துக்காக 2011இல் பேக்கரும் நோடெலைக்கும் செய்த மாதிரி இருவகை முடிவுகளைத் தந்தது. ஆறுதலானது: குதிரையின் தொற்றுக் காலம் குறுகியது, நோய்க்குறிகள் வெளிப்படையானவை, பூச்சிகளுக்கு நோய் தொற்றாத பிற விலங்குகளும் உணவாக உள்ளன, ஆகவே குதிரை நோய் நீலநாக்கைப் போல எளிதில் பரவாது. சங்கடமானது: முடிவை அதிகம் ஆட்டுவிப்பது ஒரு குதிரைக்கு எத்தனை பூச்சி என்ற விகிதம், அது நாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. குளிர்நாட்டுப் பூச்சியினங்கள் எந்த அளவு வைரஸை ஏற்கும், குதிரையை விரும்பிக் கடிக்குமா என்பவையே மிகப்பெரிய அறியாமை என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. உள்ளே போடும் எண்கள் உறுதியற்றவை என்றால் வெளியே வரும் எண்ணுக்கு என்ன மதிப்பு? பஞ்சாங்கக் கணிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு திருத்தத்தில் இருக்கிறது. 2022இல் ஃபேர்பேங்க்ஸ் முதலானோர், தடுப்பூசிச் சோதனைகளில் ஊசி பெறாமல் ஒப்பீட்டுக்காக வைரஸ் ஏற்றப்பட்ட குதிரைகளின் பதிவுகளைப் பழைய ஆய்வுகளிலிருந்து முறையாகத் தேடித் திரட்டினார்கள். அந்தக் குதிரைகள் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக நோயுற்றவை. அவற்றின் நோய்க் குறிப்புகள் இப்போது வேறொரு கேள்விக்கு விடை தந்தன. பிழைத்த குதிரை வைரஸைப் பரப்பும் காலம் 6 நாள் என்று முந்தைய மாதிரி கொண்டிருந்தது. திரட்டிய தரவு 8.7 நாள் என்றது. இறந்தவற்றுக்கு 4.4 நாள் என்பது 3.9 ஆகக் குறைந்தது. திருத்திய எண்களை இட்டதும் இறப்பு கூடியது, கொள்ளைநோயின் நீளம் குறைந்தது, பூச்சிகளில் தொற்று உயர்ந்தது. ஒரு எண் தவறினால் எது, எத்திசையில் மாறும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் கருவி வேறு எதுவும் நம்மிடம் இல்லை. தேர்ந்த கால்நடை மருத்துவரின் அனுபவம் விலைமதிப்பற்றது. ஆனால் தன் நாட்டில் ஒருமுறையும் பார்த்திராத நோயில் அவருக்கும் அனுபவம் இருக்காது.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது: மாதிரிக்குச் செலவிடும் பணத்தில் தடுப்பூசி வாங்கி வைக்கலாமே. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மாதிரிகளும் இங்கே தடுமாறியிருக்கின்றன. வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசியைக் கணக்கில் பலர் ஒரு சுவராகவே வைத்தார்கள்: போட்டால் இத்தனை பங்கு குதிரைகளுக்குப் பாதுகாப்பு. வேயரும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில் 2004க்கும் 2014க்கும் இடையே ஏற்பட்ட நோய்த்தாக்குதல்கள் சிலவற்றுக்குத் தடுப்பூசி வைரஸ்களே வீரியத்தை மீட்டுக்கொண்டும், தமக்குள் மரபுத்துண்டுகளை மாற்றிக்கொண்டும் காரணமாயின என்று காட்டியது. காக்கப் போட்ட ஊசியிலிருந்தே நோய் கிளம்பியது. எனவே தடுப்பூசியைக் கிடங்கில் அடுக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்பதும் ஏற்கத்தக்கதன்று. எப்போது, எந்த வட்டத்துக்குள், பூச்சிகள் அடங்கிய பருவத்தில் போடவேண்டுமா என்ற கேள்விகள் அனைத்தும் மறுபடி கணக்குக்கே திரும்புகின்றன. சுவர் என்ற அனுமானத்தை விட்டுவிட்ட கணக்குக்கு.

2020 மார்ச்சில் தாய்லாந்தின் பாக் சோங் பகுதியில் குதிரைகள் மடியத் தொடங்கியதும், கால் நூற்றாண்டு மாதிரிகள் என்ன செய்தன என்று கேட்கத் தோன்றும். தென்கிழக்கு ஆசியா அதுவரை காணாத நோய் அது. 500க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. இம்முறையும் ஐயம் இறக்குமதியான வரிக்குதிரைகள் மீதே விழுந்தது. ஸ்பெயினின் பாடம் அச்சில் இருந்தது. அதைத் தன் எல்லைக்கும் தன் பூச்சிகளுக்கும் பொருத்திப் பார்க்கும் வேலை அந்தந்த நாட்டில் நடந்தால்தானே பயன். லாயங்களைச் சுற்றி நுண்வலை கட்டி, மாலையிலிருந்து காலை வரை குதிரைகளை உள்ளே வைத்து, ஊசி போட்டு அங்கே நோயை அடக்கினார்கள். அந்த வலைகளைப் படத்தில் பார்க்கும்போது வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டின் லாயம் நினைவுக்கு வராமல் போகாது.

இந்தியா 2014இல் இந்நோய் அற்ற நாடாக உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. ஆனால் பூச்சி இங்கே இருக்கிறது: தமிழ்நாட்டின் செம்மறிகளை வடகிழக்குப் பருவமழையோடு வந்து தாக்கும் நீலநாக்கு நோய் அதற்குச் சான்று. விலங்கும் இருக்கிறது: 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறக்குறைய 3.4 லட்சம், கழுதைகள் 1.2 லட்சம், கோவேறு கழுதைகள் 0.8 லட்சம். மாதிரி கேட்கும் அடுத்த எண்தான் கைவசம் இல்லை. கணக்கெடுப்பு விலங்கை வீட்டோடு சேர்த்து எண்ணுகிறது. அந்த விலங்கோ மழை ஓய்ந்ததும் வடமாநிலச் செங்கற்சூளையில் கல் சுமக்கும், யாத்திரைக் காலத்தில் கேதார்நாத் மலைப்பாதையில் ஆள் சுமக்கும், முகூர்த்த மாதங்களில் ஊர் ஊராக மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும். வாசலில் நின்று எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும் கணக்கெடுப்பாளர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால் போதும்: மழைக்காலத்தில் இது எங்கே நிற்கும், சூளைக் காலத்தில் எங்கே நிற்கும்?