பிரட்டுக் களம் முதல் ‘சிரி’ வரை

ஷா ஆலம் 1978ஆம் ஆண்டு மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத் தலைநகரானது. நகராக எழுவதற்கு முன்னர், அந்நிலம் சுங்கை ரெங்கம் என்னும் தோட்டமாக இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் நாள், விடியுமுன் கூடும் ‘பிரட்டு’, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் சடங்குடன் தொடங்கிற்று. கணக்கெழுதும் கிராணி பேரேட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட, குரல் கொடுத்தவருக்கே அன்றைய வேலையும் கூலியும் கிடைத்தன. முனியாண்டிகள் பலர் நின்றாலும், முகமறிந்து கூப்பிடுபவருக்கு அது பெருஞ்சிக்கலன்று. முகமறியாத பொறிக்கு மனிதப் பெயரைச் சூட்டியபோதுதான் சிக்கல் வளர்ந்தது.

ஏவலரை எசமானர் வாய்க்கு வசதியான பெயரால் அழைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் புல்மன் நிறுவனத்தின் படுக்கைவசதி ரயில்பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினப் பணியாளர் அனைவரையும், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு, பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். இதனைத் தடுக்க 1910களில் பாதி வேடிக்கையாக ஒரு சங்கம் எழுந்தபோதும், அதனைத் தொடங்கியவர் சொந்தப் பெயரை இழந்த பணியாளர் அல்லர், ஜார்ஜ் என்ற பெயருடைய செல்வர் ஒருவரே.

பெயர் கேட்டு இயங்கிய முதற்பொருள்களுள் ஒன்று, 1920களில் விற்கப்பட்ட ‘ரேடியோ ரெக்ஸ்’ என்னும் பொம்மை நாய். ‘ரெக்ஸ்’ என்பதன் உயிரொலியில் 500 ஹெர்ட்ஸ் அளவில் மிகும் ஆற்றல், மின்காந்தத்தின் பிடியைத் தளர்த்த, நாய் கூண்டிலிருந்து வெளியே பாயும். அவ்வுயிரொலி கொண்ட வேறு சொற்களுக்கும் அது பாய்ந்திருக்கும், குழந்தையின் மெல்லிய குரலுக்கோ அசையாமலும் இருந்திருக்கும். இன்றைய கருவிகளும் தம்மை எழுப்பும் ‘விழிப்புச் சொல்’ ஒலித்ததா என்பதை நிகழ்தகவால் மதிப்பிடுவனவே. அதற்கான வரம்பைத் தாழ்த்தினால் வேண்டாதபோது விழிக்கும், உயர்த்தினால் வேண்டியபோதும் விழிக்காது.

2011இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் அறிமுகப்படுத்திய குரல்வழி உதவிச் செயலியின் பெயரான ‘சிரி’, நார்வேயில் பெண்களுக்கு இடும் பெயர். 2018 ஜூலையில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் கேவின் வில்லியம்சன் சிரியாவைப் பற்றிப் பேசுகையில், அவருடைய கைப்பேசியே குறுக்கிட்டுப் பதிலளித்தது. அப்போது ‘ஹே’ என்னும் முன்னொட்டாவது இருந்தது. 2023இல் அதுவும் கட்டாயமில்லை என்றானது. டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ என்னும் பட்டங்களும், ஜெயஸ்ரீ, ஸ்ரீதேவி முதலிய பெயர்களும், தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளும் நாள்தோறும் வாயில் புழங்கும் ஷா ஆலம் வட்டாரத்தில், அந்நார்வேப் பெயருக்கு ஒலியால் நெருங்கிய உறவினர் ஏராளம். வடிவமைத்தவர்கள் இவ்வூரின் செவியை எண்ணியிருக்க நியாயமில்லை.

2014இல் வெளிவந்த அமேசானின் குரல்வழி உதவிக் கருவியான ‘அலெக்சா’ இதனினும் கடுமையான விளைவைத் தந்தது. பிரித்தானியாவில் அப்பெயர் கொண்ட சிறுமியர், கருவிக்கு இடும் கட்டளைகளைப் பிறர் தம்மிடம் கூவிக் கேலி செய்வதால் துன்புறுவதாகவும், கருவியின் பெயரை மாற்ற வேண்டும் என்றும் பெற்றோர் 2021இல் முறையிட்டனர். ‘எக்கோ’, ‘கம்ப்யூட்டர்’ முதலிய மாற்றுச் சொற்களை அமைத்துக்கொள்ள வழியுண்டு என்பது உண்மையே. ஆனால் அத்தெரிவு கருவியை வாங்கியவர் கையில் இருக்கிறதேயன்றிச் சிறுமியின் கையில் இல்லை. ஆகவே மனிதப் பெயரை இயல்நிலை விழிப்புச் சொல்லாக வைத்து விற்பதை உற்பத்தியாளரே கைவிட வேண்டும்.