வலையில் சிக்காத மகரம்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, தென்பெண்ணைக் கரையெங்கும் ஜனத்திரள். பஞ்சாங்கப்படி சூரியன் அப்போது மகர ராசியில் இருப்பார். மகரம் என்பது முதலை வாயும் யானைத் துதிக்கையும் மீன் உடலும் கொண்ட நீர்வாழ் வேட்டை விலங்கு. எந்த வலையிலும் சிக்கியதில்லை. ஆனால் பாதி ஆசியாவைச் சுற்றிவிட்டது.

கல்லில் அதன் பழைய தடங்களுள் ஒன்று பீகாரின் பராபர் மலையில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் லோமஸ் ரிஷி குகை வாசலில் யானைகள் அணிவகுக்க, இரு ஓரங்களிலும் மகரங்கள். பிறகு அது கங்கைக்கும் வருணனுக்கும் வாகனமாயிற்று. மன்மதன் கொடியிலும் ஏறிக்கொண்டது.

வானத்தில் இடம் கிடைத்தது வேறு வழியாக. முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமான உருவத்தைப் பாபிலோனியர்கள் 3000 ஆண்டுகளுக்கு முன்பே எல்லைக்கற்களில் செதுக்கினார்கள். பின்னர் ராசி மண்டலத்திலும் வைத்தார்கள். கிரேக்கர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். யவன சோதிடம் இந்தியா வந்தபோது, அந்த ஆட்டுமீனின் இடத்தில் நம்மவர்கள் மகரத்தைக் குடியேற்றினார்கள். ஆடு முழுதாகப் போய்விடவில்லை. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் இந்த மகரத்துக்கு மான் முகம் தருகிறார்.

தமிழ்நாட்டில் செஞ்சிக்கு அருகே தளவானூரில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் முகப்பில் மகரதோரணம் வளைந்து நிற்கிறது. அதே நூற்றாண்டில் கம்போடியாவின் சம்போர் பிரெய் குக் கோயில் நிலைகளின் மேலும் மகரங்கள். வணிகர்களும் துறவிகளும் போய்வந்த கடல்வழி, சிற்ப வடிவங்களுக்கும் வழியாயிற்று. 9ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் போரோபுதூர் அதற்கு வேலையே கொடுத்தது: மழைநீரை வாய்வழியே வெளியேற்றும் தூம்பு. பார்த்துச் செதுக்க அசல் இல்லாததால் ஒவ்வொரு ஊர்ச் சிற்பியும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். இந்த மிருகம் வளர்ந்ததே அப்படித்தான்.

பௌத்தத்தோடு சீனா போன ராசிச் சக்கரத்திலும் மகரம் இருந்தது. இன்றும் சீனர்கள் அந்த ராசியை மகரத்தின் பெயரால்தான் சொல்கிறார்கள். நம் ஊர் ராசிபலன் பக்கங்களிலோ, மேற்கத்திய சோதிடப் படங்களின் தயவில், மகரத்துக்குக் கொம்பு வைத்த ஆடு அச்சாகிறது. பாபிலோன் ஆடு தன் பழைய இடத்தைத் திரும்பப் பிடித்துவிட்டது. துதிக்கை வைத்தவர்தான் அதைக் கவனிக்கவில்லை.