பனிக்கட்டி செய்த சூரியன்

வீட்டு மாடியில் சோலார் பலகை வைப்பது பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. மாலையில் கடற்கரையில் உட்காரும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்திலும் அதே பேச்சு. கேட்டால் ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கு போல இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை எட்மோன் பெக்கெரெல் என்ற பிரெஞ்சு இளைஞர் 1839-லேயே கண்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 19. எங்கள் காலத்தில் புதுவையில் பௌதிகத்தையும் பிரெஞ்சு மொழியில்தான் படித்தோம். அதனால் இந்தப் பெயர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல் அதிகம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருப்படியான சிலிக்கன் பலகை உருவாக 1954 ஆகிவிட்டது. அதுவும் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றியது.

இன்று நான் எழுத நினைத்தது பெக்கெரெலைப் பற்றி அல்ல, ஒகுஸ்தேன் மூஷோ என்ற கணக்கு வாத்தியாரைப் பற்றி. (ஆங்கிலத்தில் படித்த நண்பர்கள் எழுத்துக்கூட்டி 'மவுச்சோட்' என்று வாசிக்கிறார்கள். 'மூஷோ' என்பதுதான் சரி.)

1825-ல் பிறந்தவர். தூர் நகரத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிரான்சின் ஆலைகளும் ரயில்களும் நிலக்கரியைத் தின்பதைப் பார்த்து, இது ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது தொழிற்சாலை என்ன செய்யும் என்று கவலைப்பட்டார். 1861-ல் சூரியக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1866-ல் மூன்றாம் நெப்போலியனிடமே காட்டினார். 1869-ல் சூரிய வெப்பத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

அவருடைய கருவி மின்சாரம் செய்வதல்ல, நீராவி செய்வது. குடையைத் தலைகீழாக விரித்து வானத்தைப் பார்க்க வைத்தது போல ஒரு பெரிய கூம்பு. உட்புறம் வெள்ளி பூசிப் பளபளக்கும். நடுவில் கருப்படித்த கொதிகலன், அதற்கு மேல் கண்ணாடி மூடி. கூம்பில் பட்ட வெயில் எல்லாம் கொதிகலன் மேல் விழும். கண்ணாடி மூடி சூட்டை வெளியே விடாது. 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 20 சதுர மீட்டர் அளவுக்குக் கூம்பு வைத்து, வந்த வெப்பத்தைக் குளிர்பதனக் கருவி ஒன்றோடு இணைத்துப் பனிக்கட்டி செய்து காட்டினார். வெயிலில் ஐஸ்! கூட்டம் எப்படி வாய் பிளந்திருக்கும்! தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய கூட்டாளி அபெல் பிஃப்ர் 1882-ல் பாரிசின் துய்லெரி தோட்டத்தில் சூரிய நீராவியில் அச்சு இயந்திரத்தை ஓட்டி ஒரு பத்திரிகையே அச்சடித்தார். அதன் பெயரும் 'சூரியன்' தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? அரசாங்கம் ஒரு குழு போட்டது. பிரான்சில் மோன்பெலியேயிலும் அல்ஜீரியாவில் கோன்ஸ்தான்தீனிலும் கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். கருவி வேலை செய்தது. ஆனால் கட்டுப்படியாகாது என்று குழு எழுதிவிட்டது. ஏனென்றால் அதற்குள் இங்கிலாந்தோடு வாணிப ஒப்பந்தம் வந்து, ரயில்பாதை பெருகி, நிலக்கரி மலிவாகிவிட்டது. மூஷோ கணக்குக்கே திரும்பினார். 1912-ல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

கோப்பில் குறிப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். அந்தக் குறிப்பின் நடை எனக்கு நன்றாகத் தெரியும். 'இன்றைய விலையில் ஒப்பிட்டுப் பார்த்ததில்' என்று ஒரு வரி போட்டால் போதும், கோப்பு அதோடு மூடிவிடும். இன்றைய விலை என்றைக்கும் இன்றைய விலையாகவே இருக்குமா என்று குறிப்பின் ஓரத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர். விஞ்ஞானி அல்ல, துணைப் பதிவாளர், நம்மைப் போலக் காகித உத்தியோகம். மூஷோவின் புத்தகத்தைப் படித்துவிட்டு, வெள்ளி பூசிய கூம்பு விலை அதிகம் என்று, சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடிகளை அரைவட்டமாக வரிசையாக நிறுத்தி, எல்லா வெளிச்சத்தையும் ஒரு கொதிகலன் மேல் திருப்பினார். 2.5 குதிரைசக்தி பம்பு ஒன்று அந்த நீராவியில் ஓடியது. வெப்ப நாடுகளில் விறகுக்கும் கரிக்கும் பதில் சூரியனே போதும் என்று 1878-ல் புத்தகமும் போட்டார். அதையும் யாரும் எடுத்து நடத்தவில்லை. நம் ஆரோவில்லில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் அகலத்தில் கவிழாத கிண்ணம் போல ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து வருவதும் நீராவிதான். மூஷோவின் வாரிசு என்று அதைச் சொல்லலாம். என்ன, இங்கே அதைக் கட்டியது சமையலுக்காக.

இவர்கள் சூரியனைப் பிடிக்கப் பார்த்தவர்கள். நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கோ அதை உள்ளே விடக்கூடாது என்பதே கவலை. பேரேட்டில் வரவும் செலவும் போல இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புதுவைத் தமிழர் தெருவில் பழைய வீடு என்றால் தெருவில் திண்ணை, நடுவில் முற்றம், தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். சூடு முற்றம் வழியே மேலே போய்விடும். ஆசிரமத்தின் கோல்கோந்த் விடுதியைப் பார்த்திருப்பீர்கள். அந்தோனின் ரேமண்ட் 1930-களின் கடைசியில் காங்கிரீட்டில் எழுப்பத் தொடங்கிய கட்டடம். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகைகள். தளத்துக்கு மேல் வளைந்த ஓடுகளால் இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவே காற்று. வெயில் மேல் கூரையோடு நின்றுவிடும். காங்கிரீட்டைக் குறை சொல்வதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

கரண்ட் மலிவாகக் கிடைத்ததும் 'இன்றைய விலையில்' என்ற அந்தப் பழைய குறிப்பு நம் தெருவுக்கும் வந்தது. முற்றம் போயிற்று, திண்ணை போயிற்று. நான்கு அங்குலக் காங்கிரீட் தளத்துக்குக் கீழே அறை, அறைக்கு ஒரு ஏசி. ஒன்றரை டன் ஏசி ஓர் இரவு ஓடினால் 8 முதல் 10 யூனிட் இழுக்கும். ஒரு கிலோவாட் சோலார் பலகை நம் பகுதியில் ஒரு நாளில் தருவது சுமார் 4 யூனிட்தான்.

எங்கள் குடும்ப வீட்டில் பாகம் பிரிந்தபின் என் பங்கில் முற்றம் இன்னும் இருக்கிறது. பக்கத்துப் பங்கு இடிந்து மூன்று மாடி ஆகிவிட்டது. பிரான்சில் இருக்கும் மகன், 'அப்பா, இடித்துக் கட்டலாம், மேலே சோலார் போட்டால் ஏசி இலவசமாக ஓடும்' என்கிறான். அவனுக்காகத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டில் ஐந்து மின்விசிறி. பழைய விசிறி ஒன்று 75 வாட், புது பிஎல்டிசி விசிறி 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 2.7 யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் பலகை தருவதில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது. தளத்தைச் சரிசெய்து வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் குறையும். அதற்குப் பிறகு 2 கிலோவாட் போதும் எனக்கு. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அதற்கு 60,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பாட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கும் பலகை, கரண்ட் போனால் பகலிலும் நின்றுவிடும். விற்க வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

கணக்கை மகனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. பிறகு, 'தளம் பலகையைத் தாங்குமா?' என்று மட்டும் கேட்டான். மேஸ்திரி வந்து பார்த்தார். காரைத் தளத்தில் போல்ட் அடிக்கக்கூடாது, இரும்புச் சட்டத்தின் கால்களைச் சுவர்களின் மேல் நிறுத்தலாம் என்றார். முதலில் தளத்து வேலை, மழைக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பலகைக்கு விண்ணப்பம் அதற்கப்புறம்.