மூக்கின் நடுச்சுவர்

சென்ற மாதம் என் தங்கை தன் பெண்ணை அழைத்துக்கொண்டு புத்தூருக்கு வந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பேட்டை அல்லவா? சுற்றிலும் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பெண்ணுக்கு மூக்கில் ஒரு பக்கம் மூச்சே போவதில்லை; இரவெல்லாம் வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். "மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து நிமிர்த்திவிடலாம்" என்றார் டாக்டர்.

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, மூக்கும் முழியுமாக இருக்கிற பெண். வரன் பார்க்கிற சமயம். மூக்கின் அமைப்பு மாறிவிட்டால்?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் அவளுடைய பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பழைய சமாசாரங்களைத் தேடிப் படித்தேன்.

மூக்கு வைத்தியம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோல் கொண்டு மூடும் முறையைச் சுச்ருதரே சொல்லியிருக்கிறார். 1792-இல் முடிந்த மைசூர் யுத்தத்தில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவன் திப்புவின் ஆட்களிடம் சிக்கினான். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமல் திரிந்தவனுக்குப் புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் மூக்குச் செய்து கொடுத்தார். மெழுகால் மூக்கு ஒன்று செய்து, அதைத் தட்டி நெற்றியில் விரித்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவ மத்தியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பித் தைத்தார். அந்தக் கொஞ்சம் வழியாகத்தான் புது மூக்குக்கு ரத்தம் போகவேண்டும். என்ன யுக்தி பாருங்கள்! இந்தச் செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைப் பின்பற்றி 1814-இல் கார்ப்யூ என்ற டாக்டர் லண்டனிலேயே செய்து காட்டினார்.

பிறகு ஐரோப்பாவில் பலர் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு சங்கடம் வந்தது. உள்ளே தாங்கல் இல்லாத தோல் மூக்கு, நாளாவட்டத்தில் சுருங்கித் தட்டையாகிவிட்டது. மூக்கின் வடிவம் தோலில் மட்டும் இல்லை, உள்ளே நிற்கிற சுவரிலும் இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்குகிறது.

அந்தச் சுவரைத் தொடும் ஆபரேஷன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1902-இல் சிகாகோவில் ஃப்ரீர், 1904-இல் ஜெர்மனியில் கில்லியன். சவ்வை விலக்கி, வளைந்த குருத்தெலும்பை வெட்டி எடுப்பது அவர்கள் வழி. ஓட்டு வீட்டில் மோட்டுவளையைத் தாங்கும் சுவரை இடித்தால் கூரை என்ன ஆகும்? அளவுக்கு மேல் எடுத்தால் மூக்கின் முதுகு குதிரைச் சேணம் மாதிரி குழிந்துவிடும், நுனி தொங்கிவிடும். ஆகையால் மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் விட்டுவைக்க வேண்டும் என்றார் கில்லியன். 'ட' எழுத்தைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படியோ அப்படி. பிற்காலத்தில் காட்டில் முதலானவர்கள் வெட்டி எறிவதைக் குறைத்து, நிமிர்த்தி வைப்பதற்கே வழி கண்டார்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு தங்கையுடன் நானும் போனேன். "அந்த 'ட'வைத் தொடுவீர்களா, ஸார்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். வளைவு நடுவில்தான், ஓரங்கள் நேராக இருக்கின்றன, அவற்றின் பக்கம் போகமாட்டேன் என்றார். முன் ஓரமே கோணியிருந்தால் அதை நிமிர்த்தும்போது வெளித்தோற்றமும் சிறிது மாறும். சிலருக்கு அது நல்லதாகவே முடியும். உள்ளே ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ குருத்தெலும்பு கரைந்து மூக்கு அமுங்குவதும் உண்டு, அபூர்வம்தான். "மாறவே மாறாது என்று நூற்றுக்கு நூறு எழுதிக் கொடுக்கமாட்டேன், அம்மா" என்றார்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் அதற்குள் டாக்டரிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.