ஈயக் கருவின் மூன்று வடிவங்கள்

அணுவின் நடுவே கரு ஒன்று உண்டென்று ரதர்போர்டு 1911-ஆம் ஆண்டில் நிறுவினார். பள்ளிப் பாடநூல்கள் அக்கருவை உருண்டைப் பொட்டாகவே வரைந்து வருகின்றன. சிறுவர்க்கு அது போதும்; கற்பிக்கும் நாம் சற்று மேலும் அறிந்திருத்தல் நலம்.

கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்காக அமைகின்றன என்று மரியா மேயரும் ஜென்சனும் 1949-இல் தனித்தனியே விளக்கினர். 8, 20, 50, 82 போன்ற எண்களில் அடுக்கு நிரம்பும்; அப்போது கரு உறுதியான உருண்டையாக இருக்கும். இருவகைத் துகள்களும் எட்டெட்டாக நிறைந்த ஆக்சிஜன்-16 இதற்குத் தக்க சான்று. ஆயினும் 60.5 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியில் நிற்கும் அதன் முதற் கிளர்ச்சி நிலை இக்கொள்கைக்கு அடங்கவில்லை. ஒரு துகள் மேலடுக்குக்குத் தாவினால் அந்நிலையின் இயல்பு வாராது. பல துகள்கள் தாவினாலோ அதைவிட மிகுந்த சக்தி செலவாக வேண்டும். 1956-இல் ஜப்பானிய விஞ்ஞானி மொரினாகா ஒரு விடை கூறினார். நான்கு துகள்கள் ஒருசேர மேலேறுகின்றன. கரு உருண்டை வடிவம் இழந்து நீள்கிறது. அதனால் செலவு குறைகிறது என்பதே அது. ஒரே கருவில் இரு வடிவங்கள்! வடிவ உடனிருப்பு என்னும் ஆராய்ச்சிக்கு வித்து அதுவே.

வடிவத்தைக் கண்ணால் காண இயலாது. காமாக் கதிர்களைக் கொண்டு உய்த்துணர வேண்டும். நீண்ட கருவும் தட்டைக் கருவும் சுழலும். சுழற்சி தணியுந்தோறும், ஏணிப்படிகளில் இறங்குவதுபோல், ஒழுங்கான சக்தி வரிசையில் காமாக் கதிர்கள் வெளிவரும். முழு உருண்டைக்கு அத்தகைய ஏணி கிடையாது. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. சுழற்சியற்ற ஒரு நிலையிலிருந்து சுழற்சியற்ற மற்றொரு நிலைக்கு இறங்கும்போது ஒற்றைக் காமாக் கதிர் தோன்றவே தோன்றாது. பெரும்பாலும் அணுவின் எலெக்ட்ரான் ஒன்று அச்சக்தியைப் பெற்று வெளியேறும். காமாவை மட்டும் நோக்குபவருக்கு இவ்விறக்கம் புலப்படாது.

82 புரோட்டான்களும் 104 நியூட்ரான்களும் கொண்ட ஈயம்-186 இவ்வகையில்தான் சிக்கல் தந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், பொலோனியம்-190 ஆல்பாத் துகளை உமிழ்ந்து ஈயமாவதை ஆராய்ந்தவர்கள், சுழற்சியற்ற மூன்று நிலைகளை 2000-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அடிநிலை உருண்டை. அதற்கு 532 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் மேலே ஒன்று. 650 ஆயிரத்தில் மற்றொன்று. இக்கருவைப் பிணைத்துள்ள மொத்தச் சக்தியோ 140 கோடிக்கும் மேல்! அதில் ஈராயிரத்தில் ஒரு பங்கும் செலவாகாமல் கரு உருமாறுகிறது. முன்னது பூசணிக்காய்போல் தட்டை, பின்னது பலாக்காய்போல் நீளம் என்று அன்று கொண்டனர்.

பின்லாந்தின் யுவாஸ்குலா நகர ஆய்வுக்கூடத்தில் காமாக் கதிர்களையும் எலெக்ட்ரான்களையும் ஒரே வேளையில் அளந்தனர். நீள்வடிவ ஏணியின் தாழ்ந்த படியிலிருந்து 532 ஆயிரம் நிலைக்கு இறங்கும் வாய்ப்பு, இரண்டும் ஒரே வடிவத்தவை என்னும் அளவுக்கு மிகுந்திருந்தது. எனவே 532-இல் உள்ளதே பெரும்பாலும் நீண்ட வடிவம், 650-இல் உள்ளது தட்டை என்று 2022-இல் மாற்றி எழுதினர்.